காதல் பானத்தின் கால வரம்பு: திரிஸ்தான் – இசோல்து மறுகூறல்களில் காதலும் விசுவாசமும்

முன்னுரை

இடைக்கால ஐரோப்பிய வீரக்கதைகளுள் காதலும் அரச விசுவாசமும் கடுமையாக மோதுவது திரிஸ்தான் – இசோல்து கதையில் ஆகும். கார்ன்வால் மன்னன் மார்க்கின் உடன்பிறந்தாள் மகனான திரிஸ்தான், மன்னனுக்கு மணமகளாக அயர்லாந்து இளவரசி இசோல்தை அழைத்து வருகிறான். கப்பலில் இருவரும் தவறுதலாகக் காதல் பானத்தைப் பருகிவிடுகின்றனர். அப்பானத்தின் ஆற்றல் எத்துணைக் காலம் நீடிக்கிறது என்பதில் பனுவல்கள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு விசுவாசத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெரூலின் மூன்றாண்டுகள்

12ஆம் நூற்றாண்டுப் பழம்பிரெஞ்சுக் கவிஞர் பெரூலின் கதைப்பாடல், முதலும் முடிவும் சிதைந்த ஒரே கையெழுத்துப்படியில் கிடைக்கிறது. அதில் பானத்தின் ஆற்றல் 3 ஆண்டுகளே. மொர்வாக் காட்டில் உறங்கும் இருவரிடையே உருவிய வாள் கிடப்பதைக் கண்ட மார்க், அவர்களைக் கொல்லாமல் தன் வாளையும் மோதிரத்தையும் மாற்றி வைத்து, இசோல்தின் முகத்தில் வெயில் படாதவாறு கையுறையால் மறைத்துச் செல்கிறான். விழித்தெழுந்தவர்களுக்கு அச்சமே எழுகிறது, தப்பியோடுகின்றனர். பின்னர்ப் பானத்தின் கெடு முடிந்ததும் திரிஸ்தான் இழந்த வீரவாழ்வையும், இசோல்து இழந்த அரசி நிலையையும் எண்ணி வருந்துகின்றனர். ஆயினும் பிரியும் வேளையில் அவன் தன் வேட்டைநாயையும் அவள் தன் மோதிரத்தையும் அடையாளமாக அளிக்கின்றனர். மருந்து தீர்ந்த பின்னும் காதல் தீரவில்லை. அதற்குப் பின் நிகழ்வனவற்றுக்கு அவர்களே பொறுப்பாளர்கள் ஆகின்றனர்.

பெதியேயின் மாற்றம்

பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெதியே, சிதறிய பழம்பனுவல்களை இணைத்து 1900இல் உரைநடையில் மறுகூறல் ஒன்றை வெளியிட்டார். காட்டுக் காட்சிக்கு அவர் பெரூலையே பின்பற்றுகிறார். ஆனால் பானத்தின் ஆற்றலை வாழ்விலும் சாவிலும் தொடர்வதாக ஆக்கிவிடுகிறார். எனவே நாடு திரும்பும் முடிவுக்கு வேறு காரணம் தேவைப்படுகிறது. மன்னன் தம்மைக் கொல்லாமல் விட்டது இரக்கத்தினால் என்பதைத் திரிஸ்தான் எண்ணியுணர்வதே அக்காரணம். பெரூலிடம் அச்சத்தை விளைவித்த வாள், பெதியேயிடம் மனச்சான்றைத் தூண்டுகிறது. விசுவாசம் இங்கு அகவுணர்வாக உயர்கிறது. அதே வேளையில் காதல் விலக்க முடியாத ஊழாகிவிடுகிறது. கட்டு நீங்கிய பின்னும் காதலிப்பார்களா என்னும் பெரூலின் வினா மறைந்துபோகிறது.

சட்க்ளிஃபின் நீக்கம்

1971இல் இளையோருக்காக இக்கதையை ஆங்கிலத்தில் மறுகூறிய ரோஸ்மேரி சட்க்ளிஃப், பானத்தையே நீக்கிவிடுகிறார். இதனால் காதலர்க்கு எந்தச் சாக்கும் இல்லை. மன்னனுக்கு இழைக்கும் துரோகம் தொடக்கம் முதலே அவர்கள் அறிந்து செய்வதாகிறது. பெரூலிடம் மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த பொறுப்பு, இங்கு முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. எனினும், கட்டுண்ட காதல் தன்விருப்பக் காதலாக மாறும் அந்தத் திருப்பத்திற்கு இங்கும் இடமில்லை.

முடிவுரை

பெதியேயின் நூல் பழங்கதையின் மீட்டெடுப்பாகப் பரவலாகப் படிக்கப்படுகிறது. ஆயின் அதன் வழியாக மட்டும் இடைக்கால விசுவாசத்தை மதிப்பிடுவோர், 1900இன் மனச்சான்றை 12ஆம் நூற்றாண்டின் மீது ஏற்றிவிடுகின்றனர். பெரூலின் மூன்றாண்டுக் கெடு கதையின் குறையன்று. மருந்தின் வேலை எங்கு முடிகிறது, மனிதரின் பொறுப்பு எங்குத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் எல்லைக்கல் அது. மறுகூறலைப் பாடமாக வைக்கும் வகுப்பறையில் காட்டுக் காட்சியையேனும் பெரூலின் பனுவலோடு ஒப்பிட்டுக் கற்பிப்பது இன்றியமையாதது.