அடைத்தது எந்த அளவுகோல்?

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்துவந்த அன்புஜோதி ஆசிரமம் 2023 பிப்ரவரியில் கெடார் காவல் நிலைய வழக்கானது. பிறகு சிபிசிஐடிக்கு மாறியது. உரிய அனுமதி இல்லாத அந்த இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மனநோயாளிகள், ஆதரவற்ற முதியோர், தெருவில் திரிந்தவர்கள், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். இத்தனை விதமான மனிதர்களை ஒரே பட்டியில் அடைக்கச் சொன்ன அளவுகோல் எது என்பதே என் கேள்வி.

எது மனப்பிறழ்வு என்பதற்கு உளவியல் பாடநூல்கள் சில அளவுகோல்களைத் தருகின்றன. பெரும்பாலோரிடம் காணப்படாததே பிறழ்வு என்பது ஒன்று. இது நிற்காது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. பத்தில் ஒருவருக்கு இருப்பது அபூர்வமா? அபார நினைவாற்றல்தான் அபூர்வம். அதற்கு யாரும் மாத்திரை எழுதுவதில்லை. உளவியலாளர் மேரி யஹோடா 1958இல் தந்த இலட்சிய மனநலப் பட்டியலோ தற்சார்பு, தன்னறிவு, சூழலை ஆளும் திறன் என்று நீள்கிறது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அதை வைத்து அளந்தால் தேறுபவர் சிலரே. நான் தேறமாட்டேன்.

சமூக வழக்கை மீறுவதே பிறழ்வு என்பது இவற்றைவிட வலுவானது, ஆபத்தானதும்கூட. மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தில் அருள் வந்து ஆடும் பெண்ணை யாரும் நோயாளி என்பதில்லை. நடத்தையை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்க இந்த அளவுகோல் கற்றுத்தருகிறது. ஆனால் வழக்கு என்பது யாருடைய வழக்கு? சாதி மாறிக் காதலித்த பெண்ணைப் 'பேய் பிடிச்சிருக்கு' என்று பூசாரியிடம் இழுத்துப் போவதும் இதே அளவுகோல்தான். மருத்துவமும் இதற்கு விலக்கல்ல: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல் நீக்கியது. ஒரே முடிவில் இலட்சக்கணக்கானோர் நோயாளிகள் அல்லாதவர்களானார்கள்.

துன்பமும் செயலிழப்பும்தான் அடையாளம் என்பவர்கள் உண்மைக்கு அருகே வருகிறார்கள். அப்போதும், வீடில்லாதவர் குளிக்காமல் இருப்பது நோயா, வறுமையா? ஆய்வாளர் ஜெரோம் வேக்ஃபீல்டு 1992இல் இதற்கு ஒரு விடை சொன்னார்: தீங்கு மட்டும் போதாது, மனத்தின் இயல்பான இயக்கம் ஒன்றும் உள்ளே பழுதாகியிருக்க வேண்டும். வறுமையை நோயென்று சொல்வதற்கு இது நல்ல தடுப்பு. ஆனால் எது இயல்பான இயக்கம் என்பதில் அறிவியலுக்கே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

இவை எல்லாவற்றையும்விட 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே தேர்ந்தது என்பது என் தீர்ப்பு. சிந்தனை, மனநிலை, நினைவு முதலியவற்றில் கணிசமான கோளாறு, அதனால் அன்றாட வாழ்வே குலைவது, இரண்டையும் அது சேர்த்துக் கேட்கிறது. அதைவிட முக்கியம், எது நோயல்ல என்றும் சொல்கிறது: ஒருவருடைய பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஊரின் ஒழுக்கத்தோடும் மதத்தோடும் ஒத்துப்போகவில்லை என்பதாலோ அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. பாடநூல்களில் இல்லாத துணிவு இது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரின் காலத்தில் இப்படியொரு பிரிவு இருக்கவில்லை.

கெடார்ப் பக்கம் யாராவது தன்னிலை மறந்து திரிவதைப் பார்த்தால், ஏதோ ஓர் இல்லத்து வேனுக்குச் சொல்லாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அச்சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி காவல்துறையின் கடமை.