டிக்கெட் நீராவியும் வாடகை நீராவியும்

தெப்ராவ் பக்கம் ரயில் என்றால் ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே 2015இல் தொடங்கிய ஷட்டல் தெப்ராவ்தான். ஐந்தே நிமிடப் பயணம். குடிநுழைவு வரிசை அதைவிட நீளம். புகைவண்டி என்ற பெயருக்கேற்பப் புகை விட்டு ஓடும் வண்டியில் ஒரு பகலைக் கழிக்க ஆசைப்படும் நம்மவர்கள் ஊட்டியையோ கண்டியையோதான் விசாரிக்கிறார்கள். பொருத்தம்தான். மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத்தார் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறைய.

நீலகிரி ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், ஊட்டிக்கு 1908இலும் எட்டியது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவிலுள்ள பல்தண்டவாளத்தை இன்ஜினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்கிறது. கீழ் உருளையில் வேலை செய்த நீராவியே மேல் உருளைக்குப் போய் அந்தப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். சுவிட்சர்லாந்தில் பிறந்த இந்த எக்ஸ் வகை இன்ஜினைப் பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகக் கட்டியது. குன்னூருக்கு மேல் டீசல்.

இலங்கையின் கதை வேறு. 1867இல் கண்டியைத் தொட்ட பாதை அகலப் பாதை. கடுகண்ணாவை ஏற்றத்தில்கூடப் பற்சக்கரம் தேவைப்படவில்லை. அதனால் 1950களில் கனடாவிலிருந்து டீசல் இன்ஜின்கள் வந்ததும் நீராவிக்கு வேலை குறையத் தொடங்கியது. மிஞ்சிய சில இன்ஜின்களைச் செப்பனிட்டு, 1986இல் ‘வைஸ்ராய் ஸ்பெஷல்’ என்று சுற்றுலாவுக்கு இறக்கினார்கள். குழுவாக வாடகைக்கு எடுத்தால் ஓடும்; தினசரி அட்டவணை கிடையாது. குளிரூட்டிய பெட்டி, சாப்பாட்டு மேசை எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பாதையோரத்துக் குடும்பம் அதைக் கையசைத்துப் பார்க்கலாமே தவிர, ஏறுவது எளிதல்ல.

என் மனம் மேட்டுப்பாளையத்துப் பக்கம்தான் சாய்கிறது. அங்கே இன்ஜின் காட்சிப் பொருளல்ல, வேலைக்காரன். ஆனாலும் பெருமையடிக்க வேண்டாம்: 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் அதே வண்டியை வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 3,000 ரூபாய் வாங்கியபோது, தனியார்மயம் என்று எதிர்ப்புக் கிளம்பியது, வாடகை ஓட்டம் மட்டுமே என்று ரயில்வே விளக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் வழக்கமாயிருப்பது ஊட்டியில் சண்டைக்குக் காரணமாகிறது.

நாலைந்து பேராகப் போகிறவர்கள் இலங்கையில் நீராவியைத் தேடி அலையாமல், 2014இல் திறந்த கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊட்டிக்குப் பதிவு திறந்த உடனே டிக்கெட் எடுங்கள். தீபாவளி விடுமுறையில் மட்டும் யோசியுங்கள்: அந்தப் பருவமழையில்தான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து வண்டி ரத்தாகும்.