திருவிருந்துக்கு வந்தவர்கள்

சுவீடன் நாட்டுத் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன் (1918-2007) 1963ஆம் ஆண்டில் அளித்த ஒரு படத்தை ஆங்கில உலகம் 'குளிர்கால ஒளி' என்ற பொருளில் அழைக்கிறது. சுவீடன் மொழியில் அவர் இட்ட பெயருக்கோ 'திருவிருந்தின் விருந்தினர்' என்பது பொருள். ஐயத்தில் உழலும் ஒரு லூத்தரன் போதகரின் கதையாகவே பலரும் இதைப் பேசுகின்றனர். ஆனால், படத்தின் உயிர்நாடி அதன் மூலப்பெயரில்தான் இருக்கிறது.

லூத்தரன் சபை அப்போது சுவீடனின் அரசுத் திருச்சபை. அந்நிலை 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் பிறப்பாலேயே அதன் உறுப்பினர். ஆயினும் படத்தின் தொடக்கத்தில் திருவிருந்துக்கு வருவோர் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவர். போதகர் தோமாஸ் குறைவின்றிச் செபிக்கிறார்; உள்ளமோ வறண்டு கிடக்கிறது.

அணுகுண்டு அச்சத்தால் வாழ்வில் நம்பிக்கை இழந்த மீனவர் யூனாஸ் அவரிடம் ஆறுதல் தேடி வருகிறார். போதகரோ தம் ஐயங்களையே கொட்டித் தீர்க்கிறார். சிறிது நேரத்தில் யூனாஸ் தம்மையே சுட்டுக்கொண்டு மாய்கிறார். போதகரின் குறை அவரது ஐயம் அன்று. வந்தவரின் துயருக்குச் செவிகொடாமையே.

தோமாசை நேசிக்கும் ஆசிரியை மார்த்தா, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் அன்பின் விருந்து என்றெண்ணித் திருவிருந்தில் பங்கேற்கிறார். உடல் ஊனத்தோடும் ஓயாத வலியோடும் வாழும் கோயிற்பிள்ளை ஆல்கோத், இயேசுவின் உடல் வேதனையைவிட அவர் கைவிடப்பட்ட வேதனையே பெரிது என்று தோமாசிடம் எடுத்துரைக்கிறார். மறையறிவு மிக்கவர் காணாததை எளியவர் கண்டுகொள்கிறார்.

இறுதியில் மற்றோர் ஆலயத்தில் மாலை ஆராதனை. இருக்கைகளில் மார்த்தா மட்டுமே இருக்கிறார். தோமாஸ் ஆராதனையைத் தொடங்குகிறார், படம் முடிகிறது. பெர்க்மனின் தந்தையும் லூத்தரன் போதகரே. உடல்நலமின்மையைக் காட்டித் திருவிருந்தைத் தவிர்க்க முயன்ற ஒரு போதகருக்கு அம்முதியவர் துணைநின்று, அதை நடைபெறச் செய்தாராம். இம்முடிவு அந்நிகழ்விலிருந்து பிறந்ததென்று இயக்குநர் தம் தன்வரலாற்றில் கூறுகிறார்.

இதை வெற்றுச் சடங்கெனத் தள்ளுவது எளிது. ஆனால் பணியாளரின் தகுதியின்மை அருளடையாளத்தின் பயனை அழிப்பதில்லை என்று 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை கூறுகிறது. நாம் ஏற்கும் போதனையும் அதுவே. தனி மனிதரின் விசுவாசம் தளரும் வேளையில், சபையின் செபம் அவரைச் சுமந்து செல்கிறது.

எனினும் இந்த ஆறுதல் யூனாசுக்கு எட்டவில்லையே! காலையில் அவருடன் ஒரே பீடத்தருகே முழந்தாளிட்டவர்களுள் அவர் மனைவியைத் தவிர வேறெவரும் அவர் முகவாட்டத்தை விசாரித்ததாகப் படத்தில் இல்லை. போதகரை மட்டுமே குற்றவாளியாக்கும் திறனாய்வுகள் இந்த மௌனத்தைக் கவனிப்பதில்லை. பெயரளவில் உறுப்பினராய் இருப்பது உறவாகிவிடாது என்பதை இப்படம் வலியோடு உணர்த்துகிறது. விருந்துக்கு வந்தவர் ஒருவரையொருவர் அறியாமலே கலைந்து சென்றால், அந்த விருந்து நம்மிடம் எதிர்பார்த்தது என்ன? ஞாயிறுதோறும் நற்கருணைப் பந்திக்கு அணிவகுக்கும் நாமும் விடைகூற வேண்டிய வினா இது.