நலமாயிருக்கிறேன் என்னும் சொல்

கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் நம் ஊர்களின் பேருந்து நிலையங்களில் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்றுண்டு. புதுப் பெட்டி, பாய், தலையணை, ஊறுகாய்ப் புட்டி இவற்றோடு ஓர் இளைஞன் நிற்பான். வாப்பா பணத்தை எண்ணிக் கொடுப்பார். உம்மா துஆ ஓதி ஊதுவாள். வண்டி புறப்பட்டுவிடும். அதன்பின் வாரம் இருமுறை தொலைபேசியில், ‘நலமா?’ என்று கேட்கிறோம். ‘நலமாயிருக்கிறேன்’ என்ற விடை வருகிறது. அவ்வளவில் நம் மனம் அமைதி கொள்கிறது. அந்த ஒரு சொல்லினுள் எத்தனை அடங்கிக் கிடக்கக்கூடும் என்பதை அறிய விரும்புவோர் படிக்கத்தக்க நூலொன்று அரபு மொழியில் உண்டு. தாஹா ஹுஸைன் எழுதிய ‘அல் அய்யாம்’, அதாவது ‘நாட்கள்’ என்பதே அந்நூல்.

தாஹா ஹுஸைன் 1889ல் மேல் எகிப்தில் மகாகா என்னும் ஊருக்கு அருகில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே கண்ணொளி இழந்தார். ஊர்ப் பள்ளியில் குர்ஆனை மனனம் செய்து, 1902ல் கெய்ரோ சென்று அல் அஸ்ஹரில் சேர்ந்தார். 1908ல் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது அங்கும் பயின்றார். 1914ல் கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரியைப் பற்றிய ஆய்வுக்கு அப்பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிரான்ஸ் சென்று இப்னு கல்தூனை ஆராய்ந்தார். 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வி அமைச்சராக இருந்தார். தண்ணீரும் காற்றும் போலக் கல்வி எல்லார்க்கும் உரியது என்பதே அவர் கொள்கை. 1973ல் மறைந்தார்.

இவர் பெயரைக் கேட்டதும் நம் ஆலிம் பெருமக்களிற் பலர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளிற் பெரும்பகுதி பிற்காலத்தார் புனைந்தவையே என்று 1926ல் எழுதி, அறிஞருலகின் கடுங்கண்டனத்துக்கு ஆளானவர் இவர். அந்நூலின் முடிவுகளை நாமும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு நூலின் பிழைக்காக மற்றொரு நூலைப் படியாது விடுதல் நீதியாகாது. ‘அல் அய்யாம்’ நூலின் முதற்பாகம் அதே 1926ல் ‘அல் ஹிலால்’ திங்களிதழில் தொடராக வெளிவரத் தொடங்கி, 1929ல் நூலாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அஸ்ஹரில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு மாணவனின் வாழ்வைக் கூறும் அவ்விரண்டாம் பாகமே இங்கு நம் ஆய்வுக்குரியது.

இந்நூலைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். இஃது அஸ்ஹரின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு என்பதே அக்கருத்து. பழைய கல்விமுறையை வெறுப்போர் இதனைச் சான்றாகக் காட்டுவர். போற்றுவோர் இதனைப் பழியென்று தள்ளுவர். நாம் இருசாராரோடும் மாறுபடுகிறோம். இந்நூலில் குற்றக்கூண்டில் நிற்பது கல்விச்சாலை மட்டுமன்று. மாணவனைத் தனியே விட்டுச்சென்ற வீடும் அங்கே நிற்கிறது. பாடத்தின் கடுமையினும் தனிமையின் கடுமை பெரிதென்பதே இந்நூல் உரைக்கும் செய்தி என்று நாம் கருதுகிறோம்.

நூலின் அமைப்பே இதற்குச் சான்று. புதிய மாணவனின் வாழ்வை ஆசிரியர் மூன்று இடங்களாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று அவன் தங்கிய அறை, மற்றொன்று அறைக்கும் அஸ்ஹருக்கும் இடைப்பட்ட வழி, மூன்றாவது அஸ்ஹர். வழியை அவன் கண்ணால் அறியவில்லை. வலக்கன்னத்தில் படும் இளஞ்சூடு, மூக்கைத் தீண்டும் புகை, இடப்புறம் காப்பிக்கடையில் ஹுக்கா குமிழியிடும் ஓசை என்று அடையாளங்களைக் கொண்டே அதனைக் கடக்கிறான். அவ்வழியில் அவனுக்குக் கலக்கமும் கூச்சமுமே மிகுதி. அறையிலோ அவன் முற்றிலும் அயலான். இம்மூன்றனுள் அவனுக்கு ஆறுதல் தந்த இடம் எது? அஸ்ஹரே! வைகறைத் தொழுகைக்குப் பின் அங்கு வீசிய காற்றைத் தாயின் முத்தத்துக்கு அவர் ஒப்பிடுகிறார். அஸ்ஹரை வெறுத்தே எழுதியவர் இவ்வாறு எழுதுவாரா? பிற்காலத்து ஏமாற்றம் பெரிதுதான். எனினும் முதன்முதலில் அப்பிள்ளை உள்ளம் குளிர்ந்த இடம் அதுவே என்பதை மறைக்காத நேர்மை இந்நூலுக்கு உண்டு.

இனி அறையின் நிலையைப் பார்ப்போம். அங்கே அவனுடைய தமையன் இருக்கிறான். அவனும் அஸ்ஹர் மாணவன், அறிவுள்ளவன், தீயவன் அல்லன். நண்பர்களோடு கூடித் தேநீர் அருந்துகிறான், பாடங்களை விவாதிக்கிறான், மாலையில் இமாம் முஹம்மது அப்துஹுவின் விரிவுரை கேட்க விரைகிறான். தம்பி ஒரு மூலையில் அமர்ந்து அவர்தம் பேச்சையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தானும் அக்கூட்டத்தில் சேரலாமா என்று கேட்க அவனுக்கு நாணம். தமையன் சென்றபின் அறை இருள்கிறது. கண்ணில்லாதவனுக்கு விளக்கு எதற்கென்று விளக்கும் ஏற்றப்படுவதில்லை. சுவரின் வெடிப்புகளில் ஊர்வனவற்றின் ஓசையைக் கேட்டு, அசையவும் அஞ்சி அவன் அமர்ந்திருக்கிறான். இதனை எழுதுங்கால் ஆசிரியர் தமையனை ஒரு சொல்லாலும் வையவில்லை. அவரவர் தம் வேலையைச் செய்தனர். ஆயினும் ஒரு பிள்ளை இருளில் விடப்பட்டான். கொடியவர் எவருமின்றியே கொடுமை நிகழக்கூடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய பகுதி வேறெந்தத் தன்வரலாற்றிலும் நாம் கண்டதில்லை.

அடுத்து, படிக்க விதிக்கப்பட்ட கித்தாபுகளின் செய்தி. கெய்ரோ செல்லுமுன்பே இப்னு மாலிக்கின் ‘அல்ஃபிய்யா’வை மனனம் செய்யுமாறு தமையன் கட்டளையிட்டுச் சென்றிருந்தான். நம் நாட்டு அரபு மத்ரஸாக்களிலும் ஓதப்படும், ஏறத்தாழ ஆயிரம் பாக்களில் அமைந்த அதே இலக்கண நூல்தான். மனனத்தில் பின்தங்கிய சிறுவன், எல்லாம் முடிந்ததுபோல் தந்தையிடம் நடித்த கதையை முதற்பாகம் நகைச்சுவையோடு கூறுகிறது. அஸ்ஹரிலோ மத்னு என்னும் மூலம், அதற்கு ஷரஹ் என்னும் உரை, அதற்கு ஹாஷியா என்னும் உரைக்குறிப்பு, அதன்மேலும் ஒரு குறிப்பு என்று நூல்கள் அடுக்கடுக்காய் உயர்ந்து நின்றன. ஒருநாள் தமையனின் நண்பர்கள் பேசிய சிறு தொடரொன்று அவன் காதில் விழுகிறது. சொற்கள் எல்லாம் தெரிந்தவை. பொருள் மட்டும் பிடிபடவில்லை. அதனை எண்ணி எண்ணி அவன் ஓரிரவு உறக்கமிழக்கிறான். மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் அவ்விரவு அந்நியமன்று. ஆனால் அவனுக்கு வாய்த்த துன்பம், பொருள் விளங்காமை அன்று. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமையே.

அந்த ஆள் பின்னர் வந்து சேர்ந்தான். சிற்றன்னை மகன் ஒருவன் ஊரிலிருந்து கெய்ரோவுக்கு ஓத வருகிறான். அன்று முதல் நூலின் நடையே மாறிவிடுகிறது. இருவரும் ஒன்றாய்ப் பாடத்துக்குச் செல்கின்றனர். ஒன்றாய் அவரைப் பயறு உண்கின்றனர். ஒருவன் வாசிக்க மற்றவன் கேட்டு, இருவரும் ஆராய்கின்றனர். அதே அறை, அதே வறுமை, அதே கடின நூல்கள். மாறியது ஒன்றே: படிப்பதற்குத் துணை கிடைத்தது. நம் மத்ரஸாக்களில் பாடத்துக்கு முன் ‘முதாலஆ’ என்றும், பாடத்துக்குப் பின் ‘தக்ரார்’ என்றும் இருவர் மூவர் கூடி ஓதும் வழக்கத்தை முன்னோர் ஏற்படுத்தி வைத்ததன் பயன், இப்பகுதியைப் படித்தபோதுதான் நமக்கு முழுமையாய் விளங்கிற்று. அதனைப் பாடம் பதியச் செய்யும் உபாயமென்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அஃது உள்ளத்தைத் தாங்கும் உபாயமுமாகும்.

இந்நூலில் குறை இல்லையோ எனின், உண்டு. ஆசிரியப் பெருமக்களின் குரலையும் பழக்கவழக்கங்களையும் நகைப்புக்கு உரியதாக்குவதில் தாஹா ஹுஸைன் அளவு கடந்துவிடுகிறார். கேலியின் கூர்மைக்காக நன்றியை மறந்த இடங்கள் சிலவல்ல. ஹாஷியாக்களைக் கண்டு சலிக்கும் அவர், அவற்றினின்று தாம் பெற்றதைக் கணக்கில் எழுதவில்லை. ‘நீ இவ்வாறு வினவினால் நாம் இவ்வாறு விடை கூறுவோம்’ என்று ஒவ்வொரு சொல்லையும் தடுத்து நிறுத்தி வினவும் பழக்கம் அவ்வுரையாசிரியர்களுடையது. பிற்காலத்தில் பழங்கவிதைகளை ஐயுற்று அவர் எழுப்பிய வினாக்களுக்குப் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சி முறையே தாய் என்பர். அம்முறைக்கு முன்பே, அஸ்ஹரின் தூணடியில் அவருக்கு அப்பழக்கம் ஊட்டப்பட்டுவிட்டது என்பது நம் துணிபு. பாலைக் குடித்தபின் செவிலியைப் பழித்தல் முறையன்று.

ஆயினும் எல்லா ஆசிரியரையும் அவர் பழித்தாரல்லர். அபூ தம்மாம் தொகுத்த ‘ஹமாஸா’வையும் முபர்ரதின் ‘காமில்’ நூலையும் பயிற்றுவித்த செய்யித் அல் மர்ஸஃபீ அவர்களைப் பற்றி எழுதுகையில் அவர் நடை கனிகிறது. அந்த உஸ்தாத் மாணவருக்குப் பாடத்தை மட்டும் தரவில்லை. தம் நேரத்தையும் வீட்டு வாயிலையும் திறந்துவைத்தார். புதிய மாணவனை ஆளாக்கும் ஆசிரியர் யார் என்பதற்கு அவ்வோவியம் ஒன்றே போதும். அதற்கு மறுதலையாய், சேர்க்கைத் தேர்வில் பெயர் சொல்லி அழையாது ‘குருடனே’ என்று விளித்த தேர்வாளரையும் நூல் காட்டுகிறது. அத்தேர்வு சில ஆயத்துகளை ஓதியதும் முடிந்துவிட்டது. அவ்விளி அவர் நெஞ்சைவிட்டு நீங்கவேயில்லை.

இப்பொழுது நாம் தலைப்பில் குறித்த சொல்லுக்கு வருவோம். முதற்பாகத்தின் இறுதியில் தாஹா ஹுஸைன் தம் சிறு மகளை விளித்துப் பேசுகிறார். அவளுடைய தந்தை அஸ்ஹரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உண்டது மாணவர்க்கு அளந்து கொடுக்கப்படும் ரொட்டியும் கரும்புப் பாகும் மட்டுமே என்கிறார். அந்த ரொட்டியிலும் பதரும் கல்லும் பூச்சியும் கிடந்தனவாம். விடுமுறையில் ஊர் சென்றபோது பெற்றோர் கேட்டனர். அவரோ, வசதியாக வாழ்வதாகக் கதை கட்டிக் கூறினார். பொய்யுரைப்பதில் அவருக்கு இன்பமில்லை. முதியோர் இருவர் மனம் நோகலாகாதே என்ற இரக்கமே காரணம். தமையனையும் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை.

இரண்டாம் பாகத்தின் இறுதியிலோ, பாரிஸுக்குப் படிக்கப் புறப்படும் தம் மகனை விளிக்கிறார். ஒரு பாகம் மகளை நோக்கி முடிகிறது. மற்றொன்று மகனை நோக்கி முடிகிறது. இதனைத் தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. பெற்றோரிடம் சொல்லாது மறைத்த உண்மையை, தாம் பெற்றோரான பின் பிள்ளைகளிடம் ஒப்புவிக்கிறார். இரண்டாம் பாகம் முழுவதும் அந்தப் பழைய பொய்க்குரிய திருத்தமாகும். அஸ்ஹரின்மீது தொடுத்த வழக்கென்று இதனைப் படிப்போர் இவ்விரு முடிவுகளையும் எங்ஙனம் கடந்து செல்கின்றனரோ நாம் அறியோம்.

இதனை இத்துணை அழுத்திக் கூற நமக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நம்மிடம் ஓதிய மாணாக்கர் ஒருவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் கண்டவர், நகரத்துக் கல்லூரியொன்றில் சேர்ந்தார். வாரந்தோறும் நம்மோடு பேசுவார். நாமும், ‘தொழுகிறீரா? பாடம் நடக்கிறதா?’ என்று கேட்போம். ‘எல்லாம் நலம் ஹஜ்ரத்’ என்பார். ஐந்தாம் மாதம் பெட்டியோடு ஊர் திரும்பினார். ஆங்கிலத்தில் அமைந்த பாடநூல்கள் அவருக்குச் சற்றும் பிடிபடவில்லை என்பதும், விடுதிச் செலவுக்காக மாலைதோறும் ஒரு கடையில் இரவு பத்துமணிவரை நின்றார் என்பதும், வாசிக்கச் சொன்ன புத்தகங்களைத் தூக்கக் கண்ணோடு புரட்டிவிட்டு அழுதார் என்பதும் பின்னர் அவருடைய அறைத்தோழர் சொல்லித் தெரிந்தன. அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். நம் கேள்விதான் குறைந்தது. ‘நலமா?’ என்ற கேள்வி ‘நலம்’ என்ற விடையைத் தன்னோடு சுமந்தே செல்கிறது என்பதை ஆசிரியராகிய நாம் அறிந்திருக்க வேண்டும், அறிந்திலோம்.

எனவே நம் இல்லத்தாருக்கு ஒன்று சொல்வோம். பிள்ளையிடம், ‘எந்தப் புத்தகம் விளங்கவில்லை? யாரோடு அமர்ந்து படிக்கிறாய்? இன்று எதை உண்டாய்? எத்தனை மணிக்குப் படுத்தாய்?’ என்று கேளுங்கள். விளங்கவில்லை என்று அவன் சொன்னால் வையாதீர்கள். அவ்வாறு சொல்ல வாய் திறந்ததையே வெற்றியாகக் கொள்ளுங்கள். அதே ஊரில் நம்மவர் பிள்ளை மற்றொருவர் பயில்கிறார் எனில் இருவரையும் ஒன்று சேர்த்துவிடுங்கள். மூத்த பிள்ளையின் பொறுப்பில் இளையவனை விட்டிருப்பின், மூத்தவன் மாலையில் எங்கே செல்கிறான், செல்லும்போது தம்பியையும் உடன் அழைக்கிறானா என்று விசாரியுங்கள்.

தாஹா ஹுஸைன் எழுதிய எல்லாவற்றையும் நம்மவர் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் இருண்ட அறையில் சுவரோரம் அமர்ந்திருக்கும் அப்பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், அடுத்த முறை தொலைபேசியை எடுக்கும்போது நம் கேள்வி மாறியிருக்கும்.