உலாவிக் குறிப்பேடும் மேற்கோள் மரபும்

கிள்ளானில் மின்இரயில் ஏறிப் பிரிக்பீல்ட்சை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கும் தமிழாசிரியர் ஒருவர், அவ்விடைவழியிலேயே புறநானூற்றின் எந்தப் பாட்டையும் கைப்பேசியில் எடுத்துப் படித்துவிடலாம். 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இதற்கு வழிசெய்தன. நூல் கிடைக்கவில்லை என்ற பழங்குறை பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால், படித்ததைக் குறித்துவைத்துப் பின்னொருநாள் பிழையின்றி எடுத்தாளும் முறை அதே அளவில் வளர்ந்திருக்கிறதா என்பது வேறு வினா. இணையப் பக்கங்களைக் காட்டும் கருவியாகிய உலாவியோடு குறிப்பெழுதும் ஏடும் ஒட்டியே வருவதால், அவ்வேட்டின் நிறைகுறைகளைத் தமிழ் பயில்வோர் நோக்கில் ஆராய்வது பொருத்தமாகும்.

இவ்வசதி நேற்றுத் தோன்றியதன்று. 1993இல் வெளிவந்த மொசைக் என்னும் உலாவியே, படிப்பவர் தம் கருத்தை எழுதிப் பக்கத்தோடு இணைத்துவைக்க இடம் தந்தது. அதன்பின் வந்து உலகெங்கும் பரவிய நெட்ஸ்கேப் அதனைக் கைவிட்டது. நார்வே நாட்டு ஓப்பரா உலாவி பல ஆண்டுகள் குறிப்பேடு ஒன்றைத் தன் பக்கப்பலகையில் வைத்திருந்தது. 2013இல் அதன் பதினைந்தாம் பதிப்பு வேறோர் அடித்தளத்தின்மேல் புதிதாகக் கட்டப்பெற்றபோது குறிப்பேடு அதில் இடம்பெறவில்லை. ஓப்பராவைத் தொடங்கியோருள் ஒருவரான யோன் வொன் டெட்ஸ்னர் அதினின்றும் விலகி, விவால்டி என்னும் உலாவியை 2015இல் முன்னோட்டமாகவும் 2016 ஏப்ரலில் முதற்பதிப்பாகவும் வெளியிட்டார். கைவிடப்பட்ட குறிப்பேடு அங்கே மீண்டும் தோன்றியது. மைக்ரோசாப்டின் எட்ஜ் 2015இல் வந்தபோது பக்கத்தின்மேலேயே பேனாவால் கிறுக்க இடம் தந்தது. 2020 சனவரியில் வந்த புதிய எட்ஜில் அது இல்லை. ஒரு குறிப்பேட்டின் வாழ்நாள், நிறுவனத்தாரின் கருத்து மாறும்வரைதான் என்பதை இவ்வரலாறே காட்டுகிறது.

இன்று உள்ளவற்றுள் விவால்டியின் ஏடே நன்கமைந்தது எனலாம். பக்கத்தில் வேண்டிய பகுதியைத் தெரிந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால், அப்பகுதி குறிப்பாகிப் பக்கப்பலகையில் போய் அமர்கிறது. பக்கத்தின் முகவரியும் உடன் பதிகிறது. குறிப்புகளைக் கோப்புறைகளாகப் பிரித்து அடுக்கலாம். படத்தைச் சேர்க்கலாம். வீட்டுக் கணினியில் எழுதியதைக் கைப்பேசியிலும் காணலாம். படிக்கும் பக்கத்தை விட்டு விலகாமலே எழுத முடிகிறது என்பதுதான் இதன் தலையாய நன்மை. நூல் ஒரு மேசையிலும் குறிப்பேடு மற்றொரு மேசையிலும் கிடந்தால் எழுதச் சோம்புவது மக்கள் இயல்பு. அச்சோம்பலுக்கு இக்கருவி இடம் வைக்கவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவனுக்கும், அவனுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்க்கும் இது சிறு உதவியன்று.

குறை முகவரியிலேயே தொடங்குகிறது. குறிப்போடு பதிவது பக்கத்தின் முகவரி. பாட்டின் முகவரி அன்று. மதுரைத் திட்டத்திலோ ஒரு முழுநூலே ஒரு நீண்ட பக்கமாக இருப்பது வழக்கம். ஆறு திங்கள் கழித்துக் குறிப்பிலுள்ள முகவரியைச் சொடுக்கினால், நானூறு பாட்டும் அடங்கிய பக்கத்தின் தலைப்பு வந்து நிற்கும். எடுத்த அடி எங்கே இருக்கிறதென்று தேடும் வேலை படிப்பவருடையது. அப்பக்கமே இடம் மாறிவிட்டால் அதுவும் இல்லை.

மூலம் தெரியாத மேற்கோள் எத்தகைய இடரைத் தரும் என்பதைத் தமிழுலகம் முன்னரே பட்டறிந்திருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் பல நூல்களின் அடிகள் எடுத்தாளப்பட்டிருப்பதைக் கண்டார். பல இடங்களில் அவை எந்நூலுக்கு உரியவை என்று உரையாசிரியர் கூறவில்லை. அக்காலத்துப் புலவர்க்கு அது தேவையாக இருந்திராது. கேட்ட அளவிலேயே இன்ன நூல் என்று அறிவர். நூற்றாண்டுகள் கடந்து நூல்கள் வழக்கொழிந்தபின், அவ்வடிகள் வேரறுந்த கொடிபோல நின்றன. திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கிடைத்தபோதுதான் பல மேற்கோள்களின் மூலம் ஐயர்க்குப் புலனாயிற்று. அத்தேடலால் சங்க நூல்களே வெளிவந்தன என்பது நல்வினைப்பயன். ஆயினும், உரையாசிரியர் ஒவ்வோரிடத்தும் நூற்பெயரைச் சுட்டியிருந்தால் எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்! 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறின. அவருடைய பதிப்புகளில் மேற்கோள் அகராதி, பாட்டு முதற்குறிப்பகராதி, அரும்பத அகராதி எனச் சேர்த்தவை இவ்வுழைப்பின் விளைவே.

முதற்குறிப்பு என்னும் அவ்வழக்கம் இங்குக் கருதத்தக்கது. பாட்டின் முதற்சீர் ஒன்றிரண்டைச் சொன்னாலே பாட்டு அடையாளமாகிவிடும். எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்ற கவலை இல்லை. பாட்டெண்ணும் அவ்வாறே. 'புறம் 192' என்றால் சென்னைப் பதிப்பிலும் யாழ்ப்பாணத்தில் ஒருவர் கையிலுள்ள படியிலும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் விற்கும் மலிவுப் பதிப்பிலும் ஒரே பாட்டுத்தான். உலகளாவிய இணையக் கூட்டமைப்பு 2017 பிப்ரவரியில் குறிப்புகளுக்கென வகுத்த நெறிமுறையும் ஏறத்தாழ இதே வழியைக் கொண்டிருக்கிறது: எடுத்த சொற்றொடரையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் சேர்த்துப் பதிந்தால், பக்கம் சிறிது மாறினும் அவ்விடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் கருத்து. 2020 முதல் குரோம் உலாவி, தேடவேண்டிய சொற்களை முகவரியின் ஈற்றிலேயே கட்டி அனுப்பும் முறையைக் கொண்டுள்ளது. அதனைச் சொடுக்கினால் அவ்வடி நிறமிட்டு நிற்கும். ஆயின் தமிழுக்கு ஓர் இடையூறு உண்டு. முகவரியில் செல்லும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது உரோமக் குறிகளாக விரிகிறது. கோலாலம்பூர் என்ற ஒரு சொல்லே தொண்ணூற்றொன்பது குறிகள் நீளும்! ஓர் அடியைக் கட்டினால் அம்முகவரி அரைப்பக்கம் பிடிக்கும். 'புறம் 192' என்று கையால் எழுதுவதற்கு ஐந்து நொடி போதும்.

அப்பாட்டையே சான்றாகக் கொள்ளலாம். கணியன் பூங்குன்றனார் பாடிய அதன் முதலடியை அறியாத தமிழர் இலர். பதாகைகளிலும் மேடைகளிலும் இணையப் பக்கங்களிலும் அவ்வோரடி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டோ பதின்மூன்றடி கொண்டது. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்றும், ஆற்று நீர்வழிச் செல்லும் புணைபோல உயிர் ஊழின்வழிச் செல்லும் என்றும் சொல்லி, அதனால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று முடிகிறது. முதலடியின் பொருள் அம்முடிபோடு சேர்ந்தே விளங்கும். தெரிந்தெடுத்து ஒட்டும் குறிப்பேடு, ஓரடியைத் தனியே கத்தரித்து வைப்பதை மிக எளிதாக்கிவிட்டது. கத்தரித்ததை மாணவன் கட்டுரையில் வைக்கிறான். ஆசிரியரும் திருத்தாமல் விடுகிறார். மேற்கோள் உண்டு, பாட்டில்லை. கருவியின் குற்றம் இதில் பாதிதான்.

தேடுதலிலும் தமிழ்க் குறிப்பேடு தனி இடர் தருகிறது. குறிப்புகள் ஐந்நூறைத் தாண்டிய பின் தேடுபெட்டியை நம்பாமல் இருக்க முடியாது. 'மரம்' என்று தட்டினால் 'மரத்தை', 'மரத்தின்' என்று வந்த குறிப்புகள் அகப்படா. மகரவீறு அங்கே கெட்டுவிட்டதன்றோ. 'மர' என்று குறைத்துத் தட்டினால் 'மரபு' அனைத்தும் கூட்டமாக வந்துவிடும். 'வீடு' தேடியவர்க்கு 'வீட்டில்' கிட்டாது. 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கணினியில் இரு வேறு குறியீட்டுக் கோவைகளால் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபெட்டிக்கு வேறு வேறாகிவிடலாம். ஒருங்குறிக்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் அமைந்த பழம் பக்கங்களிலிருந்து எடுத்தவையோ, குறிப்பேட்டுக்குள் வந்ததும் உரோம எழுத்துக் குப்பையாகிவிடுகின்றன. இந்நாட்டில் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு முதலிய மென்பொருள்களால் தமிழைத் தட்டெழுதுவது எளிதாயிற்று. 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடும் கூடிற்று. தமிழைக் கணினியில் எழுதும் சிக்கல் தீர்ந்தது; எழுதிவைத்ததைத் தமிழிலக்கணம் அறிந்து தேடித்தரும் திறம் உலாவிக் குறிப்பேடுகளில் இன்னும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் வேற்றுமையுருபு ஏலாத தலைச்சொல் ஒன்றை அகராதியிற்போல எழுதிவைக்க வேண்டியதாகிறது. ஐயர் அரும்பத அகராதி தொகுத்த முறையே இது; கணினி வந்தும் கைவேலை நீங்கவில்லை.

கற்கும் முறைபற்றி நன்னூலின் பொதுப்பாயிரம் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியர் சொன்னதை நன்கு ஏற்றுக்கொண்டவனுக்கே புலமையில் காற்பங்குதான். உடன் பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்த பின்னரே எஞ்சிய இரு காற்பங்கும் நிறையும் என்கிறது. தெரிந்தெடுத்து ஒட்டியவன் இக்கணக்கில் எப்பங்கில் நிற்பான்? கேட்டவன்கூட மனத்தில் வாங்கினான். ஒட்டியவன் விரலால் மட்டுமே வாங்கினான். குறிப்பின்கீழ் இரண்டு வரியேனும் தன் சொல்லால் எழுதினால்தான் அது அவன் குறிப்பு. அதற்கும் இவ்வேட்டில் இடம் இருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

குறிப்பு யார் வீட்டில் குடியிருக்கிறது என்பது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்கு இது ஏட்டுச்சிக்கல் அன்று. நாடெங்கும் பள்ளிகளில் நடப்பிலிருந்த ஃபுரோக் என்னும் கற்றல் தளத்துக்கான ஒப்பந்தம் 2019இல் முடிவுற்றது. ஆசிரியர்கள் கூகுள் வகுப்பறைக்கு மாறினர். 2020இல் டெலிமா வந்தது. அத்தளத்தில் பாடங்களையும் குறிப்புகளையும் அடுக்கிவைத்தோர்க்குக் குடிமாறும் வேலை வந்து சேர்ந்தது. உலாவிக் குறிப்பேட்டுக்கும் நிலை இதுவே. 2013இல் ஓப்பராவின் புதிய பதிப்புக்கு மாறியோர் தம் குறிப்புகளை அதில் காணவில்லை.

இதற்கு மாறாக, கோலாலம்பூரிலேயே நிகழ்ந்த ஒரு முயற்சியைக் காட்டலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைவராக இருந்த தனிநாயக அடிகள், முதல் உலகத்தமிழ் மாநாடு இந்நகரில் கூடிய 1966ஆம் ஆண்டிலேயே, தமிழாய்வு நூல்களின் குறிப்புத்தொகை ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல்கலைக்கழக அச்சகம் அதனைப் பதிப்பித்தது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியான ஊர், ஆண்டு என்று நூலுக்கு இரண்டு மூன்று வரிக்குறிப்பே. பொறியின் துணையின்றி அவை இன்றும் பயன்படுகின்றன. குறிப்பினுள்ளேயே அதன் மூலம் முழுமையாக அடங்கியிருப்பதே காரணம். அடிகள் நூலுக்குச் செய்ததை, உலாவியில் பாட்டைக் குறிப்பவர் பாட்டுக்குச் செய்யவேண்டும்: நூற்பெயர், பாட்டெண், அடியெண், உரையானால் உரையாசிரியர் பெயர். இணைய முகவரி அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

விவால்டியில் ஒரு நற்செயல் இருக்கிறது. கோப்புப் பட்டியலில் உள்ள ஏற்றுமதிக் கட்டளையால் குறிப்புகளை எளிய எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுத்துவிடலாம். அவற்றை எந்தக் கணினியிலும் திறக்கலாம், அச்சிட்டும் வைக்கலாம். பள்ளித் தவணை முடியுந்தோறும் இதனைச் செய்துவைக்கும் ஆசிரியர்க்கு உலாவி மாறினால் கவலையில்லை. 'புறம் 192, அடி 9-10, புணை உவமை' என்று எழுதிய குறிப்பு, அவ்வாறு வெளியே வந்தபின் தாளில் நின்றாலும் எதைப்பற்றியதென்று யார்க்கும் தெரியும். பாட்டெண் இன்றி வெறும் முகவரியோடு பதிந்த குறிப்பை எடுத்தவரே ஓராண்டு கழித்து அடையாளங்காண முடியாமல் விழிக்கிறார்.