ஹேஸல் டிக்கன்ஸ் பாடல்களில் சாட்சியும் புலம்பலும்

பாடல் ஒன்றை இயற்றுவதும், பிறர் இயற்றியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பாடுவதும் வெவ்வேறு செயல்கள் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். முன்னது படைப்பு, பின்னது வெறும் விருப்பம் என்பது நம் கருத்து. ஆனால் அமெரிக்கப் ப்ளூகிராஸ் பாடகியான ஹேஸல் டிக்கன்ஸ் அம்மையாரின் (1925–2011) பாடல்களைக் கூர்ந்து நோக்குவோமாயின், இவ்விரண்டையும் அவர் ஒரே அளவுகோலால் அளந்தார் என்பது புலனாகும். எவருடைய துயரைப் பாடல் பேசுகிறதோ, அவர் முன்னிலையில் நின்று அதைப் பாடக் கூடுமா என்பதே அவ்வளவுகோல் என நாம் வகுத்துக் கூறலாம்.

ப்ளூகிராஸ் என்பது கென்டக்கி மாநிலத்தவரான பில் மன்றோ (1911–1996) 1940-களில் உருவாக்கிய இசைமரபு. மாண்டலின், பாஞ்சோ, பிடில், கிட்டார், பாஸ் ஆகிய தந்திக் கருவிகளே அதில் ஒலிக்கும். தாளக் கருவிகளுக்கு அதில் இடமில்லை எனலாம். மன்றோவும் தம் வாழ்வினின்று பாடல்களைப் படைத்தவரே. பிடில் வாசித்துத் தமக்கு வழிகாட்டிய தாய்மாமனை ‘அங்கிள் பென்’ என்னும் பாடலில் அவர் நினைவுகூர்ந்தார். எனினும் விட்டு வந்த மலைவீடு, மறைந்த தாய், கைகூடாத காதல் என்பன காலப்போக்கில் இம்மரபின் வாய்பாடாகிவிட்டன. மேடையேறியோரும் பெரும்பாலும் ஆடவரே.

இச்சூழலில் டிக்கன்ஸ் கொண்டுவந்தது யாது? அவர் மேற்கு விர்ஜினியாவின் மெர்சர் மாவட்டத்தில் பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிச் சென்றவர். ப்ரிமிட்டிவ் பாப்திஸ்து சபையில் பிரசங்கித்தவர். அச்சபையின் ஆராதனையில் இசைக்கருவிகள் இல்லை. மனிதக் குரல் ஒன்றே துதிக்கும் புலம்பலுக்கும் கருவி. 1950-களின் தொடக்கத்தில் பிழைப்பு நாடிப் பால்டிமோர் நகருக்குச் சென்று, ஆலைகளில் உழைத்தபோதும் அக்குரலை அவர் மெருகிட்டு மாற்றிக்கொள்ளவில்லை. கரடுமுரடானது என்று சிலர் குறைகூறும் அக்குரல், சொல்லை அலங்கரிக்க மறுக்கும் குரல் என்றே நாம் கருதுகிறோம்.

ஆலிஸ் ஜெரார்டுடன் இணைந்து அவர் 1965-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1973-இல் வெளிவந்த ‘ஹேஸல் அண்ட் ஆலிஸ்’ என்னும் தொகுப்பு அவருடைய தெரிவுமுறையை நன்கு காட்டுகிறது. கார்ட்டர் குடும்பத்தாரின் பழம்பாடல் அதில் உண்டு. கறுப்பினப் பாடகி ட்ரிக்ஸி ஸ்மித் 1920-களில் பாடிய சுரங்கக் குடியிருப்புப் பாடலும் உண்டு. இசை வணிகம் நிறத்தின் அடிப்படையில் பிரித்து வைத்த இரு மரபுகள் இங்கு அருகருகே அமர்கின்றன. தெரிந்தெடுத்தலும் ஒரு சாட்சியே என்பது இதனால் விளங்கும்.

அதே தொகுப்பில் அவர் இயற்றிய ‘டோன்ட் புட் ஹர் டவுன்’ என்னும் பாடல் மதுக்கூடத்துப் பெண்ணைப் பற்றியது. இத்தகைய பெண்ணுக்காக இரங்குவதும், அவளுக்கு அறிவுரை கூறுவதும் பழைய பாடல்களின் வழக்கம். டிக்கன்ஸோ பெண்ணை நோக்கிப் பேசாமல், அவளை இகழும் ஆடவரை நோக்கித் திரும்புகிறார். அவளை அந்நிலைக்குக் கொண்டுவந்ததில் உங்களுக்கும் பங்குண்டு என்கிறார். கேட்போர் கூட்டத்திலேயே குற்றவாளியும் அமர்ந்திருக்கக் கூடும் என்னும் உணர்வு அப்பாடலில் உள்ளது.

‘பிளாக் லங்’ அவருடைய பாடல்களுள் தலைசிறந்தது என்பது நம் துணிபு. நிலக்கரித் தூள் நுரையீரலில் படிந்து, மூச்சைச் சிறிது சிறிதாக அடைக்கும் நோயினால் அவருடைய தமையன் தர்மன் இறந்தார். அப்பாடலில் நோயுற்ற தொழிலாளி முதலாளியை அணுகுகிறான்; கதவு அடைக்கப்படுகிறது. அவன் இறந்தபின் அதே முதலாளி சிறு மலர்க்கொத்துடன் கல்லறைக்கு வருகிறான். மலர்களைத் திரும்ப எடுத்துச் செல், இங்கே சோகப் பாட்டும் வேண்டாம் என்று பாடல் மறுத்துவிடுகிறது. மறுமையில் யாவும் சீராகும் என்ற ஆறுதல் வரி எதுவும் அதன் இறுதியில் இல்லை.

இது விசுவாசக் குறைவின் அடையாளமா? அவ்வாறு கூறுவோர் அவருடைய ‘வோன்ட் யூ கம் அண்ட் சிங் ஃபார் மீ’ என்னும் பாடலையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். அங்கே மரணத்தை எதிர்நோக்கும் ஒருவர், தம்மோடு வாழ்ந்த சபையாரைத் தமக்காக வந்து பாடும்படி வேண்டுகிறார். ஒரு பாடலில் சாவின் அருகே பாட்டு விரும்பி அழைக்கப்படுகிறது. மற்றொன்றில் பாட்டு தடுக்கப்படுகிறது. இஃது முரண்பாடன்று. ஆறுதல் கூறும் உரிமை துன்பத்தில் பங்குகொண்டவர்க்கே உண்டு. கதவை அடைத்தவனுக்கு இல்லை. இவ்விரு பாடல்களும் சேர்ந்து கூறும் உண்மை இதுவே.

எல்லாப் பாடல்களும் இவ்வுயரத்தை எட்டுகின்றன என்று நாம் கூறவில்லை. 1968 நவம்பர் 20 அன்று பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டதைப் பற்றிய பாடலில் செய்தியே மேலோங்கி நிற்கிறது. ‘ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.’ என்னும் 1976-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஒலிக்கும் ‘தே வில் நெவர் கீப் அஸ் டவுன்’ வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு ஏற்ற எழுச்சிப் பாடல். ஆயினும் தர்மனைப் போன்ற தனிமனித முகம் அதில் தெரிவதில்லை. சங்கம் பேசும்போது அவர் குரல் பலருடைய குரலாகிறது. சகோதரி பேசும்போதோ, வேறெவரும் பேச முடியாததைப் பேசுகிறது.

சபைகளுக்குப் பாடல் தெரிந்தெடுக்கும் பொறுப்புடைய நாம் இங்குச் சிந்திக்க வேண்டியது உண்டு. அடக்க ஆராதனையில் எந்தப் பாடல் பொருத்தமானது என்று இராகத்தையும் வழக்கத்தையும் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கிறோம். இறந்தவரை அவர் உயிரோடிருந்த நாளில் யார் சந்தித்தார்கள் என்று கேட்பதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. எனினும் திருமறை அதனைத் தள்ளிவிடவில்லை. ஆறுதலை அவசரப்பட்டு அளிக்காத பாடலுக்கும் நம் ஆராதனையில் இடமிருத்தல் வேண்டும். அதைப் பாட முன்வருவோர், கல்லறைக்குச் செல்லுமுன் நோயாளியின் வீட்டுக்குச் சென்றிருத்தல் வேண்டும்.