கிருபையும் அருளும்

வேதவசனம் நாவில் நின்றால் போதாது. நெஞ்சில் ஊன்றினால்தான் விசுவாசம் வளரும். இந்நோக்கில் இரு தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவோம்.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையுற்ற பதிப்பு இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வழங்குகிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. முன்னதில் கிருபை, பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம். பின்னதில் அருள், தூய ஆவி, திருமுழுக்கு.

‘கிருபை’ வடசொல்லே. ஆயினும் தலைமுறைதோறும் மணவறையிலும் மரணப்படுக்கையிலும் ஒலித்து, செபத்தின் தாய்மொழியாகிவிட்டது. ‘அருள்’ தேவாரத்திலும் திருவாய்மொழியிலும் பயின்ற சொல். அதனை ஏற்கும் விவிலியம் தமிழ்ப் பக்தி மரபின் முற்றத்தில் வந்து அமர்கிறது. இதுவே புதிய பதிப்பின் பெருஞ்சிறப்பு. எனினும் பழைய பதிப்பின் ஓசைநயமும் மனத்தில் பதியும் ஆற்றலும் இதில் குறைவென்றே நம் செவிக்குத் தோன்றுகிறது.

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் சங்கீதங்களைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். பொருளறியா வசனம் சோதனைக் காலத்தில் துணைநிற்குமோ? ஆதலின் பழையதை மனனம் செய்வித்து, புதியதைக் கொண்டு பொருள் விளக்குவோம். ஒன்றன் பொருட்டு மற்றொன்றைத் தள்ளுதல் நமக்கே இழப்பாகும்.